குரூப்பில் வந்த செய்தியை நம்பலாமா? வதந்தி, சதிக்கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் வழியாகப் பரவும் பொய்ச் செய்திகளைப் பற்றி உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 2018-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். அது புரிந்தால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

ஒரு ஃபார்வர்டு மெசேஜால் அப்படி என்ன ஆகிவிடப் போகிறது?

உயிர் போயிருக்கிறது. 2018 ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஒரு செய்தி போன் போனாகச் சுற்றியது. வடமாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது, நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிப்போய் உறுப்புகளை எடுத்து விற்கிறார்கள் என்பது செய்தி. கூடவே பதறிய குரலில் ஆடியோ, ரத்தக்கறை படிந்த படங்கள்.

மே 9-ம் தேதி சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடப் போளூர் பக்கம் காரில் போனது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் உடன் இருந்தார்கள். வழியில் நிறுத்திய இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். வெளியூர்க் கார், முன்பின் தெரியாத முகங்கள், கையில் சாக்லேட். மெசேஜில் படித்தது கண்முன்னே நடப்பதாக ஊரார் நினைத்துவிட்டார்கள். போனில் தகவல் பறந்தது. அத்திமூர் கிராமத்தில் கூட்டம் காரை மறித்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். மற்றவர்களுக்குப் படுகாயம். அதே சமயத்தில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இது நம் மாநிலத்தோடு நிற்கவில்லை. ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், வாரச்சந்தையில் ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்ததற்காக நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. இரண்டு வாரத்தில் கர்நாடகத்தின் பீதர் பக்கம், மறுபடியும் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததில் ஆரம்பித்து, ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர் கொல்லப்பட்டார். திரிபுராவில் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் சொல்வதற்காக அரசு அமர்த்திய ஆளையே குழந்தை கடத்துபவர் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள்.

அந்தப் படங்களும் வீடியோவும் எங்கிருந்துதான் வந்தன?

அப்போது அதிகம் சுற்றிய வீடியோவில், தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள், ஒரு பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். அது கண்காணிப்புக் கேமராவில் பதிவான மாதிரியே இருக்கும்.

அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல்போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் பைக் திரும்பி வருகிறது. பையனைப் பத்திரமாக இறக்கி விடுகிறார்கள். பிள்ளைகள் மீது ஒரு கண் வைத்திருங்கள் என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் கடைசிச் சில விநாடிகளை மட்டும் யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், அத்திமூர் மாதிரி ஊர்களில் ஆள் அடிக்க ஆதாரமாகிவிட்டது.

உறுப்பு எடுக்கப்பட்ட குழந்தைகள் என்று சுற்றிய படங்களில் ஒன்று, சிரியாவில் 2013-ல் ரசாயனத் தாக்குதலில் இறந்த குழந்தைகளுடையது. இரண்டிலும் கம்ப்யூட்டர் வித்தை எதுவும் கிடையாது. ஒன்றில் வால் வெட்டு, இன்னொன்றில் மேலே எழுதிய வாசகம் வேறு. பொய்ச் செய்தி என்றதும் பலர் போட்டோஷாப்பைத் தேடுகிறார்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலானவை நிஜப் படத்துக்குப் பொய்த் தலைப்பு வைத்தவைதான்.

யார்தான் இதையெல்லாம் கிளப்பிவிடுகிறார்கள்?

சிலர் காசுக்காக. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் மாசிடோனியாவின் வேலஸ் என்ற சின்ன ஊரிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட போலிச் செய்தித் தளங்கள் இயங்கின. நடத்தியவர்களில் பலர் பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள். யார் ஜெயித்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை, விளம்பர வருமானம் வந்தால் போதும். சிலர் அரசியலுக்காக. சிலர் தாங்கள் சொல்வதை முழுமையாக நம்பியே சொல்கிறார்கள்.

ஆனால் கிளப்பிவிடுபவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைச் சுமந்துபோகிறவர்கள் நாம். நம்மில் பெரும்பாலானவர்கள் அக்கறையால் அனுப்புகிறோம். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத்தான் தாத்தா கடத்தல் மெசேஜை அனுப்புவார். சர்க்கரை நோய் உள்ள தங்கைக்குத்தான் அண்ணன் ‘இந்த இலையைச் சாப்பிட்டால் இன்சுலின் தேவையில்லை’ என்ற மெசேஜை அனுப்புவார். ‘உண்மையோ பொய்யோ, சொல்லி வைப்போம்’ என்று தோன்றும் அந்த நல்ல மனதுதான் வதந்திக்கு வண்டி. கெட்டவர்கள் செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை நம் கையில் இருக்கும் போனை நாம் சந்தேகிக்க மாட்டோம்.

படித்தவர்களும் நம்புகிறார்களே, அது எப்படி?

படிப்புக்கும் இதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பில்லை. ஒரே தகவலை இரண்டு மூன்று முறை கேட்டாலே அது உண்மை மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடும். 1977-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் இதைக் காட்டினார்கள். அதன்பிறகு பல நாடுகளில் பல விதமாகச் சோதித்தும் அதே முடிவு வந்திருக்கிறது. சொந்தக்காரர் குரூப், பள்ளி நண்பர்கள் குரூப், அபார்ட்மென்ட் குரூப் என்று மூன்றிலும் ஒரே மெசேஜ் வந்தால், மூன்று பேர் விசாரித்துச் சொன்ன மாதிரி மனம் கணக்குப் போடுகிறது. மூன்றும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்று நமக்கு உறைப்பதில்லை.

இன்னொரு காரணம், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் ஒன்றால்தான் இன்னொன்று நடந்தது என்று எடுத்துக்கொள்வது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் கோவேக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்துக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாய் முழுதும் அடைத்திருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் அன்றைக்கே சொன்னார்கள். அப்படிப்பட்ட அடைப்புக்கு அடிப்படையான கொழுப்புப் படிவு பொதுவாக ஒரே நாளில் உண்டாவதில்லை, பல வருடமாகச் சேர்வது. தடுப்பூசி பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசின் குழு விசாரித்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் முடிவு சொன்னது. ஆனால் அந்த அக்டோபர் அறிக்கையை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்திருப்பார்கள்? ஏப்ரலில் பயந்து ஊசியைத் தள்ளிப் போட்டவர்களுக்கு மே மாதத்தில் இரண்டாம் அலை உச்சத்துக்கு வந்தது. எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதர், மற்றவர்களும் தைரியமாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று முன்னால் வந்து நின்றவர். அவர் பெயரையே ஊசிக்கு எதிரான சாட்சியாக மாற்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உண்மையைவிடப் பொய் வேகமாகப் போகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். பகிர்ந்தவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர். பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைப் போய்ச் சேர உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானாக இயங்கும் போலிக் கணக்குகளால்தான் இப்படி என்று பார்த்தால், அவை இரண்டையும் ஒரே அளவுக்குத்தான் பரப்பியிருந்தன. வித்தியாசத்தை உண்டாக்கியது மனிதர்கள். பொய் எப்போதும் புதுசாக இருக்கும், ஆச்சரியப்பட வைக்கும். உண்மை பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருக்கும்.

இதில் நிறுவனங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஃபேஸ்புக்கில் லைக் மட்டுமில்லாமல் கோபம், அழுகை, ஆச்சரியம் என்று முகக்குறிகள் உண்டு. 2017 முதல் அந்த முகக்குறி ஒவ்வொன்றுக்கும் லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து, அதன்படி எந்தப் பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். கோபத்தைக் கிளப்பிய பதிவு நிறையப் பேர் கண்ணில் பட்டது. கோபக் குறிக்கான மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 வரை ஆனது. மூன்று வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

வாட்ஸ்அப்பில் அந்த மாதிரி அல்காரிதம் எதுவும் இல்லையே?

இல்லை. எது மேலே வர வேண்டும் என்று அங்கே யாரும் தீர்மானிப்பதில்லை. அதனால்தான் அங்கே கட்டுப்படுத்துவது கஷ்டம். மெசேஜ்கள் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் நிறுவனத்தாலேயே படிக்க முடியாது. பொதுவெளியில் ஒரு பொய்யை மறுத்து எழுதினால் கீழேயே தெரியும், குரூப்புக்குள் சுற்றும் பொய்க்கு மறுப்பு எழுதுகிறவருக்கு அது எங்கே சுற்றுகிறது என்பதே தெரியாது.

2018 கொலைகளுக்குப் பிறகுதான் மாற்றங்கள் வந்தன. ஃபார்வர்டு என்ற அடையாளம் அந்த ஜூலையில் வந்தது. ஒரு மெசேஜை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்ற வரம்பை முதலில் இந்தியாவில் கொண்டுவந்து, 2019 ஜனவரியில் உலகம் முழுதும் ஆக்கினார்கள். இரட்டை அம்புக்குறி போட்டு, பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று வந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அதை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். இதனால் அந்த வகை மெசேஜ்கள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. நல்ல மாற்றம்தான். ஆனால் காப்பி செய்து பேஸ்ட் பண்ணினால் எந்த அம்பும் வராது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வதந்திக்கும் சதிக்கதைக்கும் என்ன வித்தியாசம்?

வதந்தி ஒரு சம்பவத்தைப் பற்றியது. சரிபார்த்தால் முடிந்துவிடும். சதிக்கதை அப்படி முடியாது. எதிராக என்ன ஆதாரம் கொடுத்தாலும், ‘மறைப்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள்’ என்று அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

2016-ல் அமெரிக்காவில் ஒரு கதை கிளம்பியது. வாஷிங்டனில் உள்ள ‘காமெட் பிங் பாங்’ என்ற பீட்சா கடையின் நிலவறையில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், ஹிலாரி கிளிண்டனைச் சேர்ந்தவர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்று. விக்கிலீக்ஸ் வெளியிட்ட மின்னஞ்சல்களில் வரும் உணவுப் பெயர்களையெல்லாம் ரகசியச் சொற்கள் என்று சிலர் படித்ததில் உண்டான கதை அது. டிசம்பர் 4-ம் தேதி வட கரோலினாவிலிருந்து 28 வயது இளைஞர் ஒருவர் குழந்தைகளை மீட்பதற்காகத் துப்பாக்கியோடு காரோட்டி வந்தார். உள்ளே சுட்டார். தேடிப் பார்த்தார். அந்தக் கடைக்கு நிலவறையே கிடையாது. போலீஸிடம் சரணடைந்தார், நான்கு வருடச் சிறை. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இளைஞரே ஒரு நடிகர், உண்மையை மூடிமறைக்க நடத்திய நாடகம் இது என்று நம்பியவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூஅனான் என்ற பெயரில் அதே கதை இன்னும் பெரிதாக வளர்ந்தது.

பாருங்கள், இங்கேயும் குழந்தைகள்தான். பிள்ளைக்கு ஆபத்து என்று சொன்னால் எந்த நாட்டிலும் மனிதனுக்கு யோசனை நின்றுபோகிறது.

நிஜமாகவே சதிகள் நடந்திருக்கின்றனவே? எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று தள்ள முடியுமா?

முடியாது, தள்ளவும் கூடாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற இடத்தில், சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசின் பொதுச் சுகாதாரத் துறையே 1932 முதல் 1972 வரை ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். 1940-களிலேயே பென்சிலின் வந்துவிட்டது. கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று சமீபத்தியது. பின்லேடனைத் தேடும்போது பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒரு மருத்துவர் மூலம் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஹெபடைடிஸ் தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் ஆள் விட்டுத் துப்பறியப் பார்த்தது. 2011-ல் இது வெளியே வந்த பிறகு பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் உள்பட எத்தனையோ பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். இனிமேல் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-ல் அமெரிக்கா அறிவித்தது. அதற்குள் நடக்க வேண்டிய கெடுதல் நடந்துவிட்டது.

ஆக, சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் இவற்றில் முதலாவது எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். டஸ்கீகியில் துறைக்குள் வேலை பார்த்த ஒருவர் தகவலைக் கொடுத்தார், ஏபி செய்தி நிறுவன நிருபர் விசாரித்து எழுதினார். பெயர், தேதி, ஆவணம் எல்லாம் இருந்தது. அரசு மறுக்க முடியாமல் நின்றது. ‘பகிருங்கள், நாளைக்கு இதை டெலிட் செய்துவிடுவார்கள்’ என்று முடிகிற மெசேஜில் இவற்றில் எதுவாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தடுப்பூசி பற்றிய பயம் மட்டும் ஏன் அடங்கவே மாட்டேன் என்கிறது?

1998-ல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டார். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் வாங்கியிருந்தது பின்னால் தெரிந்தது. 2010-ல் லான்செட் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, தொடர்பே இல்லை என்று 2019-ல் ஆய்வு வெளியானது. இருந்தும் அந்தப் பயம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

நம் ஊருக்கும் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது, பிள்ளைக்கு ஆபத்து என்ற வாட்ஸ்அப் ஆடியோக்களைக் கேட்டுப் பெற்றோர் பலர் வேண்டாம் என்றார்கள். அரசு கடைசித் தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கும் என்ற விஷயத்தை அந்த ஆடியோக்களில் எதுவும் சொல்லவில்லை.

நம்மைப் பற்றியே பொய் பரவினால்?

பரவியிருக்கிறது, நமக்குத் தெரிவதற்குள். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பறந்தன. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தி வீடியோ வராது, அதனால் நமக்குத் தகவலே இல்லை. பீகார் சட்டமன்றத்தில் பிரச்சினையாகி, அங்கிருந்து அதிகாரிகள் குழு விசாரிக்க வந்த பிறகுதான் இங்கே பலருக்குத் தெரிந்தது. அப்போது டிஜிபியாக இருந்த சைலேந்திரபாபு வீடியோவில் பேசி மறுத்தார். சுற்றிய இரண்டு வீடியோக்களில் ஒன்று வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்புக்கு இடையே நடந்தது.

ரயில் நிலையக் கூட்டமும் ஆதாரமாகக் காட்டப்பட்டது. அந்த வாரம் ஹோலி. வருடா வருடம் அவர்கள் ஊருக்குப் போகிற நேரம். அதே கூட்டத்துக்கு ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று தலைப்பு வைத்தால் கதை வேறு. ஊரில் இருக்கும் அம்மா போன் செய்து அழுதால், திருப்பூரில் பத்திரமாக இருக்கும் பையனும் பயந்துபோய் மூட்டை கட்டத்தான் செய்வான். 2018-ல் வடமாநிலத்தவரைப் பற்றி நாம் நம்பியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் என்ன நடந்தது?

2018 பிப்ரவரி கடைசியில் அம்பாறையில், தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக் கடையில் ஒருவருக்குக் குழம்பில் ஏதோ கட்டி தட்டுப்பட்டது. சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்ய முஸ்லிம் கடைகளில் மாத்திரை கலக்கிறார்கள் என்று ஃபேஸ்புக்கில் ஏற்கெனவே கதை சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடிக் கடைக்காரரை மடக்கிக் கேட்டது. அவருக்குச் சிங்களம் அரைகுறை. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே பயத்தில் ஆமாம் போட்டார். அது வீடியோவாகி நாடு முழுவதும் போனது. அரசின் பகுப்பாய்வாளர் சோதித்ததில் அது வெறும் மாவுக்கட்டி. ஒரு மாத்திரையைக் கொடுத்து நிரந்தர மலட்டுத்தன்மை உண்டாக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. மார்ச் முதல் வாரம் கண்டி மாவட்டத்தின் திகனவில் வேறொரு மரணத்தை ஒட்டிக் கலவரம் வெடித்தபோது இந்த வீடியோவும் எரிகிற நெருப்பில் விழுந்தது. தன் தளம் வன்முறைக்குப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் 2020-ல் மன்னிப்புக் கேட்டது.

அப்படியானால் அரசு இணையத்தை முடக்குவதுதானே சரி?

இலங்கை அரசு அந்த மார்ச்சிலும், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் சமூக ஊடகங்களை முடக்கியது. தெரிந்தவர்கள் முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் போட்டு உள்ளே போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது, சொந்தக்காரர் பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்க நினைத்த சாதாரண ஜனங்கள். மறுப்புச் செய்தியும் அதே வழியில்தான் வர வேண்டும், அதுவும் நின்றுபோகும். எனக்கு இதில் உடன்பாடில்லை. எது பொய் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை முழுதாக அரசிடம் கொடுப்பதும் ஆபத்துதான். மத்திய அரசு தனக்கென உண்மை சரிபார்ப்புப் பிரிவு வைக்கக் கொண்டுவந்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

ஃபார்வர்டு மட்டும்தானே செய்தேன், அதற்குமா வழக்கு?

ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018 மே மாதம் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பொதுமக்களிடம் பீதியையோ பகையையோ உண்டாக்கும் பொய்த் தகவலைப் பரப்புவதற்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உண்மை என்று நம்பக் காரணம் இருந்து, கெட்ட நோக்கமின்றி, நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு விதிவிலக்கும் அதே பிரிவில் இருக்கிறது.

நானே சரிபார்ப்பது எப்படி?

பல வருடமாகச் சுற்றும் ஒரு மெசேஜை எடுத்துக்கொள்வோம். ‘இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள். காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடக்கின்றன. சிங்கப்பூர் டிவியில் சொன்னார்கள். நாசா, பிபிசியில் பாருங்கள்.’

முதலில் ‘இன்று’. எந்தத் தேதி? தேதி இல்லாததால் எந்த வருடம் வந்தாலும் அது இன்றுதான். நாசாவில் பாருங்கள் என்று சொல்கிறது, இணைப்பு கொடுக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் நாம் பார்க்காமலே நம்புவோம் என்ற கணக்கு. சொன்ன டிவி வெளிநாட்டில் இருக்கிறது, விசாரிக்க வழியில்லை. காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் பூமிக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, போன் அணைந்திருப்பதால் அதில் எதுவும் மாறப் போவதில்லை. கடைசியாக, செய்யச் சொல்லும் வேலை சின்னது. போனை அணைப்பதில் என்ன நஷ்டம் என்று தோன்றும். அனுப்புவதிலும் நஷ்டமில்லை என்று அடுத்துத் தோன்றும்.

படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே படம் முன்பு எங்கே, எந்த வருடம் வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வீடியோ என்றால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். வீடியோவில் கடைப் பலகை, பஸ் நிறம், வண்டி எண் இவற்றைக் கவனித்தாலே ஊர் தெரிந்துவிடும். தமிழில் யூடர்ன், ஃபேக்ட் கிரெசெண்டோ, நியூஸ்செக்கர், நியூஸ்மீட்டர் போன்ற தளங்கள் சரிபார்த்து எழுதுகின்றன. ஒரே தளத்தோடு நிற்காமல் இரண்டைப் பாருங்கள். அவர்கள் காட்டும் ஆதாரத்தையும் திறந்து பாருங்கள். குழந்தை பற்றிய அவசரம் என்றால் 1098, இல்லையென்றால் 112. கடத்தல் என்று நிஜமாகவே சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான், ஊரை அல்ல.

ஏஐ வீடியோக்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

கண்ணை மட்டும் நம்பிக் கண்டுபிடிப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகி வருகிறது. விரல் எண்ணுவது, உதட்டசைவு பார்ப்பது எல்லாம் சீக்கிரம் பயனில்லாமல் போகும். யார் முதலில் போட்டது, வேறு எந்த ஊடகம் சொல்லியிருக்கிறது என்ற பழைய கேள்விதான் இதற்கும். தெரிந்தவர் குரலில் பணம் கேட்டு வந்தால் வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள நம்பருக்குத் திரும்ப அழைத்துப் பேசுங்கள்.

குடும்ப குரூப்பில் பெரியப்பா அனுப்புகிறார். எப்படிச் சொல்வது?

எல்லோர் முன்னாலும் ‘இது ஃபேக்’ என்று ஒரு வார்த்தையில் போடாதீர்கள். வயதில் பெரியவரைப் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வைத்தால் அவர் விஷயத்தைப் பார்க்க மாட்டார், மரியாதையைத்தான் பார்ப்பார். தனியாக அனுப்புங்கள். முடிந்தால் போன் செய்து பேசுங்கள்.

‘பெரியப்பா, அந்த சர்க்கரை மருந்து மெசேஜ் பார்த்தேன். அத்தைக்காகத்தான் போட்டீங்கன்னு தெரியும். டாக்டர் கிட்ட கேட்டேன், இன்சுலினை நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு சொல்றார். நீங்களே குரூப்ல ஒரு வரி போட்டுட்டா அத்தை கேட்பாங்க.’

இதில் அவருடைய அக்கறையை ஒப்புக்கொண்டாயிற்று, திருத்துகிற பெருமையும் அவருக்கே போகிறது. சதிக்கதையில் ஆழமாக இறங்கிவிட்டவரிடம் இது ஒரே நாளில் நடக்காது. அவரிடம் வாதாடுவதைவிட, ‘எது தெரிந்தால் நீங்கள் மனம் மாறுவீர்கள்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் யாரும் பேசாவிட்டால் அவருக்குப் பேச்சுத் துணை அந்த யூடியூப் சேனல்தான்.

ஒருவரிடம் ஒரே ஒரு தலைப்பைக் காட்டி, இது சரியாக இருக்குமா என்று கேட்டாலே, அதன்பிறகு அவர் பகிரும் செய்திகளின் தரம் கூடுகிறது என்று 2021-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. குரூப்பில் அவ்வப்போது ‘இது எங்கே வந்தது?’ என்று சாதாரணமாகக் கேட்டு வைப்பதற்கும் பலன் உண்டு என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

தெரியாமல் ஒரு பொய்யை அனுப்பிவிட்டேன். இப்போது?

அனுப்பி இரண்டு நாளுக்குள் என்றால் எல்லோருக்கும் டெலிட் செய்யலாம். ஆனால் டெலிட் செய்துவிட்டுச் சும்மா இருந்தால், ஏற்கெனவே படித்தவர்களுக்கு அது உண்மையாகவே தங்கிவிடும். அதே குரூப்பில் எழுதுங்கள். பொய்யைத் திரும்ப முழுதாகச் சொல்லாமல், சரியான தகவலை முதல் வரியில் வைத்து, சரிபார்த்த இணைப்பைக் கீழே கொடுங்கள். யாராவது வேறு குரூப்புக்கு அனுப்பியிருந்தால் இதையும் அங்கே போடச் சொல்லுங்கள். அப்புறம், அது உங்களுக்கு யாரிடமிருந்து வந்ததோ அவருக்கும் இதே வரிகளை அனுப்பிவிடுங்கள்.